கல்விக் கொடைஞர் கர்னல் ஆல்காட்

உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் ஈவோர் உலகில் பலர் உண்டு. அவர்தம் ஈகையும் போற்றத்தக்கதே. ஆயினும் இன்று உண்ட சோறு நாளைப் பசியைத் தீர்ப்பதில்லை. கல்வியோ, ஒரு முறை கொடுக்கப்பட்டால் வாழ்நாள் முழுவதும் உடன் வந்து, பிள்ளைகளுக்கும் பெயரர்களுக்கும் கைமாறிச் செல்லும் செல்வமாகும். அத்தகைய செல்வத்தை நம் மக்களுக்கு வழங்க வேண்டுமென்ற ஆர்வத்தால் தோன்றிய நம் சங்கம், இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நமக்கு முன்னே இப்பணியில் இறங்கிய பெருமக்களை நன்றியுடன் நினைவு கூர்தல் நம் கடமையாகும்.

பண்டிதர் அயோத்திதாசர், திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன், பெருந்தலைவர் எம்.சி. ராஜா, சுவாமி சகஜானந்தர் ஆகியோர் நம் சமுதாயத்திலேயே தோன்றி நமக்காக உழைத்தவர்கள். அவர்களை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். ஆனால் எங்கோ கடலுக்கு அப்பால் பிறந்து, பல நாடுகள் சுற்றி, இறுதியில் சென்னை அடையாற்றங்கரையில் தங்கி, ஊராரால் ஒதுக்கப்பட்ட நம் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்த ஒரு வெளிநாட்டு நண்பரை நம்மில் பலர் பெயரளவிலேயே அறிந்திருக்கின்றனர். அவரே கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்கள்.

பிறப்பும் இளமையும்

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கிறித்தவ நெறியில் பற்றுள்ள குடும்பம். தந்தையார் வணிகர். ஆறு குழந்தைகளுள் இவரே மூத்தவர். நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய சிறிது காலத்தில் தந்தையாரின் வணிகம் நொடித்தது. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுப் பதினாறாம் வயதில் ஒகையோ மாநிலத்துக்குச் சென்று வயலில் இறங்கி உழைக்க வேண்டியவரானார்.

பணமில்லாமையால் கல்வி பாதியில் நின்றுபோவது எத்தகைய துன்பம் என்பதை நம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அத்துன்பத்தை ஆல்காட்டும் தம் இளமையிலேயே கண்டார். எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. மண்ணோடு உழைத்த அனுபவத்தையே கல்வியாக்கிக் கொண்டார். விஞ்ஞான முறை வேளாண்மையைக் கற்று, பிறருக்கும் கற்பிக்கும் பண்ணைப் பள்ளி ஒன்றை நடத்துவதில் பங்கு கொண்டார். சர்க்கரை தரும் சோள வகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1857-இல் வெளிவந்து நற்பெயர் ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள வேளாண்மை முறைகளைக் கண்டறிந்து திரும்பினார். அவருடைய நெடும்பயணங்களுக்கு அதுவே தொடக்கமாயிற்று.

தூக்குமேடையின் அருகே

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஆடுமாடுகளைப் போல் விலைக்கு விற்கப்பட்டு அடிமைகளாக வாழ்ந்தனர். அந்தக் கொடுமையை ஒழிக்க ஆயுதமேந்தி எழுந்த ஜான் பிரவுன் என்னும் வெள்ளையர் பிடிபட்டு, 1859-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். அப்பொழுது ஆல்காட் நியூயார்க் டிரிபியூன் என்னும் நாளேட்டுக்கு எழுதி வந்தார். அடிமை முறையை எதிர்த்த ஏடு அது. அதன் செய்தியாளர் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்னும் நிலையில், தம்மை வெளிக்காட்டாமல், காவலுக்குச் சென்ற படைப் பிரிவொன்றில் ஒருவராகச் சேர்ந்து அவ்விடம் சென்று, அந்நிகழ்ச்சியை நேரில் கண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 27.

பிறப்பைக் காரணம் காட்டி மனிதனை மனிதன் தாழ்த்தும் கொடுமை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்பதையும், அதை எதிர்ப்போர் என்ன விலை கொடுக்க நேரும் என்பதையும் அவர் அன்று கண்ணாரக் கண்டார்.

பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் அவர் வடக்கு மாநிலங்களின் படையில் பணியாற்றினார். போரைச் சாக்காக்கிக் கொண்டு, படைக்குத் தரமற்ற பொருள்களை விற்றும் பொய்க் கணக்கு எழுதியும் கொள்ளையடித்த ஒப்பந்தக்காரர்கள் அக்காலத்தில் மலிந்திருந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஆல்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சுறுத்தலுக்கு அஞ்சாமலும் கையூட்டுக்கு மயங்காமலும் அப்பணியை நிறைவேற்றியதால் கர்னல் என்னும் பட்டம் அவருக்கு வாய்த்தது. 1865-இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அக்கொலையின் பின்னணியை ஆராய்ந்த குழுவிலும் அவர் இடம் பெற்றார். பிறகு சட்டம் பயின்று நியூயார்க்கில் வழக்கறிஞராகிப் பொருளும் புகழும் பெற்றார்.

கப்பலேறி வந்த நண்பர்

இவ்வளவில் நின்றிருந்தால் அவர் செல்வாக்குள்ள ஒரு வழக்கறிஞராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் அவருடைய உள்ளம் வேறொன்றைத் தேடிற்று. 1874-இல் இரஷ்ய நாட்டைச் சேர்ந்த பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு, 1875-இல், இருவரும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சங்கத்தை நிறுவினர். இனம், சமயம், பால், சாதி, நிறம் என்னும் வேற்றுமை பாராட்டாத மானிட சகோதரத்துவம் அச்சங்கத்தின் நோக்கங்களுள் முதலாவதாக அமைந்தது. ஆல்காட் அதன் தலைவரானார். தம் இறுதி நாள் வரை தலைவராகவே இருந்தார்.

கீழை நாட்டுச் சமயங்களை அவை பிறந்த மண்ணிலேயே அறிய விழைந்து, 1878-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் தொழிலையும் வருவாயையும் தாய்நாட்டையும் விட்டுக் கப்பலேறினார். அவருடைய இல்வாழ்க்கை அதற்கு முன்பே முறிந்து போயிருந்தது; புதல்வர் இருவர் அமெரிக்காவிலேயே இருந்தனர். 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் தலைமையகம் சென்னை அடையாற்றங்கரையில் 27 ஏக்கர் பரப்புள்ள ஒரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் சென்னையே ஆல்காட்டின் இல்லமாயிற்று. 1886-இல் அங்கு அவர் திறந்து வைத்த அடையாறு நூல் நிலையம் அரிய ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் காத்து இன்றளவும் புகழ் பெற்று விளங்குகின்றது.

இலங்கையில் கண்ட பாடம்

1880-ஆம் ஆண்டு மே மாதம் ஆல்காட் முதன்முறையாக இலங்கை சென்றார். காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுத் தம்மை வெளிப்படையாகப் பௌத்தர் என்று அறிவித்துக் கொண்டார். அந்நாளில் அத்தீவில் ஆட்சியாளரின் ஆதரவு பெற்ற பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை கிறித்தவச் சபைகளின் கையில் இருந்தன. தம் சமயத்தை விட்டுக் கொடாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பௌத்தர்களுக்கு வழி அரிதாயிருந்தது.

இந்நிலையில் ஆல்காட் ஊர் ஊராக மாட்டு வண்டியில் சென்றார். மக்களைக் கூட்டிப் பேசினார்; சிறுசிறு தொகைகளாக நிதி திரட்டினார். கொழும்பு ஆனந்தா கல்லூரி, கண்டி தர்மராஜா கல்லூரி, காலி மகிந்தா கல்லூரி என்று இன்று பெயர் பெற்று விளங்கும் நிறுவனங்கள் அவ்வியக்கத்தில் தோன்றியவையே. அவர் வாழ்நாளிலேயே இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்கு மேற்பட்டுப் பெருகின. சமய அறிவை எளிய வினா விடையாகத் தொகுத்து 1881-இல் அவர் வெளியிட்ட பௌத்த வினா விடை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1883-இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தினர் தாக்கப்பட்டு நீதி கிடைக்காதபோது, மறு ஆண்டு அவர்களின் சார்பில் இலண்டன் சென்று முறையிட்டார். அதன் பயனாக, 1885 முதல் வைசாக நன்னாள் இலங்கையில் பொது விடுமுறையாயிற்று.

இலங்கையில் அவர் கண்ட பாடம் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டுக் கிடக்கும் மக்களை எழுப்ப இரக்கச் சொற்கள் மட்டும் போதா. அவர்களுக்கென்று பள்ளிக்கூடங்கள் வேண்டும். அப்பள்ளிகளைத் தங்கள் உடைமையாகக் கருதி அவர்களே காத்து நடத்தவும் வேண்டும் என்பதே அப்பாடம். இப்பாடத்தைத்தான் அவர் பின்னர்ச் சென்னைக்கும் கொண்டு வந்தார்.

கடல் பல கடந்தவர்

ஆல்காட்டைப் போல் பயணம் செய்தவர்கள் அந்நாளில் மிகச் சிலரே. ஆகாய விமானம் இல்லாத காலம் அது. கப்பலிலும் புகைவண்டியிலும் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் அவர் இந்தியா முழுவதையும் சுற்றினார். 1881-இல் இலங்கைப் பௌத்தர் சிலருடன் திருநெல்வேலிக்கு வந்து, நட்பின் அடையாளமாக அங்குள்ள திருக்கோயிலில் தென்னங்கன்று ஒன்றை நட்டார். 1889-இல் அநகாரிக தர்மபாலருடன் ஜப்பான் சென்றார். பர்மா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள், தென் அமெரிக்கா என்று அவர் காலடி படாத பகுதி குறைவே. 1891-இன் தொடக்கத்தில் பல நாட்டுப் பௌத்தப் பிரதிநிதிகளை அடையாற்றில் கூட்டி, பிரிவுகள் யாவும் ஒப்புக்கொள்ளத்தக்க பதினான்கு அடிப்படைக் கொள்கைகளை வகுத்தார்.

பயணத்தோடு கொடையும் சேர்ந்து நடந்தது. அவருடைய நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சியே சான்றாகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் வாழ்ந்த ஹார்ட்மன் என்னும் சங்க அன்பர், தம் பெரும் சொத்தை ஆல்காட்டுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். 1891-இல் ஆல்காட் அங்குச் சென்று பார்த்தபோது, இறந்தவரின் பிள்ளைகள் தங்கள் உரிமையை இழந்து மனம் வருந்துவதைக் கண்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. சங்கத்துக்கோ பணத் தேவை மிகுந்திருந்தது. ஆயினும் சொத்தின் பெரும்பகுதியை அப்பிள்ளைகளுக்கே திருப்பித் தந்தார். பிறர் கண்ணீரில் நனைந்த பணத்தைக் கொண்டு அறம் செய்யலாகாது என்பதைச் செயலால் காட்டினார். பொதுப் பணத்தைக் கையாளும் பொறுப்பில் உள்ள நாம் அனைவரும் மனத்திற் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

அடையாற்றங்கரைப் பள்ளிக்கூடம்

இனி நம் கதைக்கு வருவோம். அந்நாளைய அரசு ஏடுகளில் நம் மக்கள் பஞ்சமர், அதாவது ஐந்தாம் பிரிவினர், என்று குறிக்கப்பட்டனர். அரசுப் பள்ளிகள் சட்டப்படி எல்லார்க்கும் திறந்தவை என்று சொல்லப்பட்டாலும், நம் குழந்தை ஒன்று உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றுவிடுவர். ஆசிரியரும் முகம் சுளிப்பார். பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் ஊர்த் தெருவிலும் கோயிலை அடுத்தும் இருந்தமையால், அத்தெருவில் நடப்பதற்கே நம் பிள்ளைகளுக்கு உரிமையில்லை. ஆகவே கிறித்தவச் சபையார் நடத்திய பள்ளிகளே பெரும்பாலும் நமக்குப் புகலிடமாயின.

நம் மக்கள் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், 1892-இல் சென்னையில் கூடிய மகாஜன சபையின் மாநாட்டுக்குச் சென்று, நம் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகளும் நம் மக்களுக்குத் தரிசு நிலமும் வேண்டுமென்று வாதாடினார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கி நம் குறைகளை அரசின் காதுக்கு எட்டச் செய்தார்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1894-இல் ஆல்காட் தம் முதற் பள்ளியை அடையாற்றங்கரையில் திறந்தார். சங்கத்தின் தோட்டத்தைச் சுற்றியிருந்த சேரிகளில் வாழ்ந்தவர்கள், வெள்ளையர் மாளிகைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்து பிழைத்த ஏழை எளியவர்கள். அவர்களின் பிள்ளைகள் சம்பளமின்றிப் படிக்க அப்பள்ளி வழி செய்தது. ஒன்றோடு அவர் நின்றுவிடவில்லை. 1906-ஆம் ஆண்டிற்குள் சென்னையின் வெவ்வேறு பகுதிகளில் இத்தகைய இலவசப் பள்ளிகள் ஐந்து ஆயின. மறைந்த பிளாவட்ஸ்கி அம்மையார், தம் இளம் நண்பர் தாமோதரர் ஆகியோரின் நினைவாகச் சில பள்ளிகளுக்குப் பெயர் சூட்டினார். மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார். வள்ளுவர் நம் குடியில் தோன்றியவர் என்று நம் முன்னோர் பெருமையுடன் போற்றி வந்ததை அவர் மதித்தார் என்பதற்கு இப்பெயரே சான்று. பள்ளிக்குள் நுழையும் குழந்தை, தான் இழிந்தவன் அல்லன், உலகப் புலவனின் வழித்தோன்றல் என்று தலை நிமிர்ந்து நுழைய வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயரில் அடங்கியுள்ளது.

ஆல்காட்டின் அழைப்பை ஏற்று, சாரா பால்மர் அம்மையார், கோர்ட்ரைட் அம்மையார் ஆகிய அமெரிக்க ஆசிரியைகள் கடல் கடந்து வந்து இப்பள்ளிகளை மேற்பார்வையிட்டனர். அடித்து மனப்பாடம் செய்விக்கும் பழைய முறையை விட்டு, பாட்டும் விளையாட்டும் கைவேலையும் கலந்த புதிய முறையில் குழந்தைகளுக்குக் கற்பிக்க முயன்றனர். தமிழில் எழுதவும் படிக்கவும், கணக்குப் போடவும், ஓரளவு ஆங்கிலம் பேசவும் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். 1902-இல் ஆல்காட் ஏழைப் பறையரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி, நம் மக்களின் வரலாற்றையும் நிலையையும் பள்ளிகளின் தேவையையும் உலகிற்கு எடுத்துரைத்து உதவி வேண்டினார்.

ஆல்காட் பௌத்தர். ஆயினும் தம் பள்ளிகளில் பௌத்தத்தையோ, வேறெந்தச் சமயத்தையோ பிள்ளைகள் மீது திணிக்க அவர் முற்படவில்லை. பள்ளிக்கூடத்தைச் சமயம் பரப்பும் கருவியாக்காமல், கல்வியைக் கல்விக்காகவே கொடுத்தார்.

அயோத்திதாசரும் ஆல்காட்டும்

1898-ஆம் ஆண்டு நம் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. நம் மக்கள் ஆதியில் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்றும், அந்நெறியை விடாது பற்றியதனாலேயே தாழ்த்தப்பட்டனர் என்றும் அயோத்திதாசப் பண்டிதர் தம் ஆராய்ச்சியால் துணிந்தார். தம் மக்கள் தங்கள் பழைய நெறிக்குத் திரும்ப உதவ வேண்டுமென்று அவரும் அவரைச் சேர்ந்தோரும் ஆல்காட்டை அணுகினர். வேறொருவராயின் இக்கோரிக்கையைக் கேட்டு நகைத்திருக்கக் கூடும். ஆல்காட் செவி சாய்த்தார்.

அவ்வாண்டிலேயே பண்டிதரையும், பஞ்சமர் பள்ளியின் ஆசிரியரான கிருஷ்ணசாமி அவர்களையும் தம்முடன் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கு வித்தியோதய பிரிவேனாவின் தலைவரும் பெரும் புலவருமான ஹிக்கடுவே சுமங்கல தேரர் அவர்களை வரவேற்றார். பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். தாயகத்தில் ஊர்த் தெருவில் நடக்கவும் தடை செய்யப்பட்ட ஒரு குலத்தின் தலைவர், அண்டை நாட்டில் அறிஞர் அவையில் சரியாசனம் பெற்றார்.

சென்னை திரும்பிய பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் பிழைக்கச் சென்ற இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தழைத்தன. அண்ணல் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவியதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் அவ்வழி திறக்கப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வழியைக் கண்டவர் பண்டிதர். வழித்துணையாய் வந்தவர் ஆல்காட். நண்பர் என்பவர் நமக்காகச் சிந்திப்பவர் அல்லர். நாம் சிந்தித்ததை மதித்து, நம்முடன் நடந்து வருபவர். இவ்வகையிலேதான் ஆல்காட் நமக்கு நண்பராகின்றார்.

நிறையும் குறையும்

பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது புகழ்ச்சியை மட்டும் அடுக்குவது இளைஞர்களுக்குப் பயன் தராது. ஆல்காட்டின் சங்கத்தைச் சுற்றி அற்புதங்கள், மறைபொருள்கள் என்று பல சர்ச்சைகள் எழுந்தன. அவரும் கையால் தடவி நோய் தீர்க்கும் முறையில் நம்பிக்கை வைத்துச் சில காலம் ஆயிரக்கணக்கானோர்க்கு அம்முறையைச் செய்தார். அவற்றையெல்லாம் இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை.

நம்மைப் பொறுத்த குறை ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆல்காட்டின் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. எழுத்தும் கணக்கும் பேச்சு ஆங்கிலமும் சமையற் பயிற்சியும் பெற்ற பிள்ளை, துரை வீட்டில் நல்ல சம்பளத்துக்கு வேலைக்கு அமர்ந்து, ஏமாற்றப்படாமல் வாழ்ந்தால் போதும் என்பதே அப்பாடத்திட்டத்தின் போக்காயிருந்தது. அந்தக் குழந்தைகளுள் ஒருவன் வழக்கறிஞனாகவோ, மருத்துவனாகவோ, சட்டமன்ற உறுப்பினனாகவோ ஆகக்கூடும் என்று அத்திட்டம் கனவு காணவில்லை. அன்றைய நிலையில் அதுவே பெரிது என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் கொடுப்பவர் தம் மனத்தில் போட்ட எல்லைக்கோடு, பெறுபவரின் எல்லையாகிவிடக் கூடாது.

நம் முன்னோர் அந்த எல்லையில் நிற்கவில்லை என்பதுதான் நமக்குப் பெருமை. பண்டிதர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கி, வரலாறும் இலக்கியமும் அரசியலும் எழுதினார். இரட்டைமலை சீனிவாசன் 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்குக் குரல் கொடுத்தார். எம்.சி. ராஜா ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டமன்றம் புகுந்தார். அண்ணலோ உலகின் உயர்ந்த பல்கலைக் கழகங்களில் பட்டங்கள் பெற்று இந்நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிறர் நமக்கு வகுத்த எல்லையை நம்மவரே தாண்டிக் காட்டினர்.

இறுதி நாட்கள்

முதுமை வந்த பின்னும் ஆல்காட் ஓய்ந்திருக்கவில்லை. 1906-ஆம் ஆண்டு தாய்நாடு சென்று திரும்பும்போது, அக்டோபர்த் திங்களில் கப்பலின் படிக்கட்டில் விழுந்து பலத்த காயமுற்றார். இத்தாலியின் ஜெனோவா நகர மருத்துவமனையில் சில வாரங்கள் கிடந்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் அடையாறு சேர வேண்டும் என்பதே அவர் விருப்பமாயிருந்தது. கொழும்பு வழியாக அவ்வாண்டு டிசம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார். இதய நோய் முற்றி, 1907-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் காலை 74 வயது நிறைந்திருந்த நிலையில் உயிர் நீத்தார். அவர் பம்பாயில் கால் வைத்து அன்றோடு 28 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அவருடைய உடல் அடையாற்றிலேயே எரியூட்டப்பட்டது.

இலங்கை மக்கள் அவரை மறக்கவில்லை. கொழும்பு கோட்டைப் புகைவண்டி நிலையத்தின் முன் அவருடைய உருவச்சிலை நிற்கின்றது. அதன் முன்னுள்ள பெருஞ்சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1967-இல் இலங்கை அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னையிலோ, அவர் தொடங்கிய முதற் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயருடன் வளர்ந்து, பெசன்ட் நகரில் இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகின்றது. சிலையினும் சிறந்த நினைவுச் சின்னம் அதுவேயாகும்.

நாம் செய்ய வேண்டுவது

இளைஞர்களே! ஆல்காட்டின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, கேட்க வேண்டும். 1892-இல் மாநாட்டு மேடையில் ஏறிப் பள்ளி வேண்டும் என்று பண்டிதர் கேட்டார். 1898-இல் அடையாறு சென்று உதவி வேண்டும் என்று கேட்டார். அவர் இரந்து நிற்கவில்லை, உரிமையுடன் கேட்டார். நம் குறையை நாமே எடுத்துச் சொல்லாவிடில், நல்லவர்களுக்கும் அது தெரிவதில்லை.

இரண்டாவது, பெற்றவர் கொடுப்பவராக வேண்டும். தந்தையின் வணிகம் நொடித்ததால் கல்லூரியை விட்டு வெளியேறிய ஒரு சிறுவன், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தன் நாட்டினரல்லாத, தன் இனத்தவரல்லாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினான். நம் சங்கத்தின் உதவியால் படித்து இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் நம் பிள்ளைகள், தாங்கள் ஏறி வந்த ஏணியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் ஒரு சிறு தொகை, வாரந்தோறும் ஒரு மாலைப் பொழுது, ஒரு மாணவனுக்குப் பழைய பாடநூல், விண்ணப்பம் எழுதத் தெரியாத பெற்றோர்க்கு ஒரு கைதூக்கல் ஆகிய இவையும் கொடையே.

அன்று வேற்று நாட்டார் ஒருவர் வந்து நம் குழந்தைகளுக்கு முதல் வகுப்பைத் திறந்தார். கடைசி வகுப்பு வரை அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையது. தொடக்கப் பள்ளியோடு நம் வீட்டுப் பிள்ளை ஒன்றேனும் நின்றுவிடாதபடி காப்போமாயின், அதுவே அப்பெருந்தகையாளருக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும். நம் சங்கத்தின் வெள்ளி விழாவுக்கும் அதுவே பொருளாகும்.

வாழ்க கர்னல் ஆல்காட் நினைவு! வளர்க நம் கல்விப் பணி!